“கேட்குதா சிஸ்டர்?”: பெருந்தொற்றுக்குப் பிறகு ஓர் ஐசியு செவிலியரிடம் வந்த மன வளர்ச்சி – ஒரு நிகழ்வு ஆய்வு

அவர் என்னிடம் முதலில் சொன்னது லிஃப்ட்டைப் பற்றித்தான். அவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் வந்து நிற்கும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டதும் வலது கை தானாக மேலே எழும்புகிறது, மானிட்டரின் அலாரத்தை அமர்த்தப் போவதுபோல. “மூணு மாசமா படியிலதான் ஏறி இறங்குறேன். நாலாவது மாடி. வீட்டுல கேட்டா உடம்புக்கு நல்லதுன்னு சொல்லிடுவேன்,” என்றார்.

மருத்துவப் பணியாளர்களுக்கு மனநல ஆலோசனை தருவது என் வேலை. அவர் 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என்னிடம் வந்தார். ஏறக்குறைய ஒன்றேகால் வருடத்தில் 19 முறை சந்தித்தோம். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றி, இதே போன்ற இன்னும் இருவரின் அனுபவங்களையும் சேர்த்து, ஒரே ஆளாக இங்கே எழுதுகிறேன்.

எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. ‘பெருந்தொற்று நம் செவிலியர்களை வலிமையாக்கியிருக்கிறது’ என்று பல கூட்டங்களில் கேட்டுவிட்டேன். இந்தச் செவிலியரிடம் வளர்ச்சி வந்தது உண்மை. அதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஆனால் அது எப்படி வந்தது, யார் உதவியால் வந்தது, அதற்கு அவர் கொடுத்தது என்ன என்பதையெல்லாம் விட்டுவிட்டு வளர்ச்சியை மட்டும் சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம் என்று நினைக்கிறேன்.

பின்னணி

வயது 35. பன்னிரண்டு வருடப் பணி, அதில் கடைசி ஆறு வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில். திருமணமானவர். 2020இல் மகனுக்கு நான்கு வயது. இதற்கு முன் மனநலச் சிகிச்சை எதுவும் எடுத்ததில்லை. வார்டில் கெட்டிக்காரர் என்று பெயர். யாருக்கும் நரம்பு கிடைக்காத நோயாளிக்கு ஊசி போட இவரைத்தான் கூப்பிடுவார்கள். கோவிட் வார்டுக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது முதலில் பெயர் கொடுத்ததும் இவர்தான்.

முதல் சந்திப்புகளில் அவர் அடிக்கடி சொன்ன ஒரு வாக்கியத்தைக் குறித்து வைத்திருக்கிறேன்: “நாம ஒழுங்கா பார்த்துக்கிட்டா பேஷன்ட் திரும்பி வந்துருவாங்க.” பன்னிரண்டு வருடத்தில் அவர் பார்க்காத மரணமா? இருந்தாலும் இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே வந்திருந்தது. சக்‌ஷன் (மூச்சுக்குழாயில் சேரும் சளியை உறிஞ்சுவது) நேரத்துக்கு எடுத்தால், படுக்கைப் புண் வராமல் திருப்பிப் போட்டால், ஒரு சின்ன மாற்றத்தைக்கூட டாக்டரிடம் உடனே சொன்னால், நோயாளி பிழைப்பார். ‘உலகம் ஓர் ஒழுங்கில் நடக்கிறது, நான் செய்வதற்குப் பலன் உண்டு’ என்ற இந்த மாதிரி அடிப்படை நம்பிக்கைகளின் மேல்தான் மனிதர்கள் வாழ்க்கையைக் கட்டுகிறார்கள், மனக்காயம் என்பது அந்த நம்பிக்கைகள் உடைவது என்று உளவியலாளர் ரோனி ஜானோஃப்-புல்மன் 1992இல் எழுதினார். இவர் விஷயத்தில் உடைந்தது எது என்று தேட எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

நடந்தது

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று அறிவித்தது. செவிலியர்களுக்கும் மருத்துவச்சிகளுக்குமான உலக ஆண்டாக அந்நிறுவனம் ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருந்ததும் அதே 2020தான். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து 200 ஆண்டு நிறைவதை ஒட்டி எடுத்த முடிவு அது. உலகம் முழுக்க ஏறக்குறைய 2.8 கோடி செவிலியர்கள் இருக்கிறார்கள், இன்னும் 59 லட்சம் பேர் தேவை என்று அந்த ஆண்டு ஏப்ரலில் வந்த அறிக்கை சொன்னது. அந்த 59 லட்சம் பேர் இல்லாத இடத்தில்தான் இந்த நோய் வந்து இறங்கியது.

கவச உடைக்குள் யார் இருக்கிறார் என்று தெரியாது. அதனால் மார்பிலும் முதுகிலும் பெயரை மார்க்கரால் எழுதிக்கொள்வார்கள். இவர் பெயரை எழுதி, பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்றையும் வரைந்துகொள்வாராம். நோயாளிகள் தன் கண்களைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை என்பது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. “என் முகத்தைப் பார்க்காமலே போயிட்டாங்க,” என்று ஒரே சந்திப்பில் மூன்று முறை சொன்னார்.

நுரையீரல் மோசமாகப் பாதிக்கப்பட்டு வென்டிலேட்டரில் இருப்பவர்களைக் குப்புறப் படுக்கவைப்பது ஒரு சிகிச்சை முறை. நாளொன்றுக்குக் குறைந்தது 16 மணி நேரமாவது அப்படி வைத்திருக்க வேண்டும். ஒருவரைத் திருப்ப ஐந்தாறு பேர் வேண்டும். தலைப்பக்கம் நிற்பவர் மூச்சுக்குழாயைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவார். அந்த எண்ணிக்கையை எப்போதும் இவர்தான் சொல்வார். சாதாரண நாளில் வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவரையோ இருவரையோ பார்த்துக்கொள்பவர், அப்போது நான்கு பேரைப் பார்த்தார். சில இரவுகளில் ஐந்து பேரை. ஒரு படுக்கையில் திருப்பிக்கொண்டிருக்கும்போது இன்னொரு படுக்கையில் அலாரம் அடிக்கும். எதற்குப் போவது என்று ஒரு நொடியில் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவுகளைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. நானும் தோண்டவில்லை.

அவர் பேசியது ஒரு போன் அழைப்பைப் பற்றி.

2021, இரண்டாவது பெரிய அலை. இரவு டியூட்டி. ஏழாம் படுக்கையில் அறுபதுகளில் இருந்த ஒருவர், மயக்க மருந்தில், வென்டிலேட்டரில். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே போனது. இனி செய்வதற்கு அதிகம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வார்டுக்கென்று வைத்திருந்த போனை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஸ்பீக்கரை ஆன் செய்து, அவர் காதருகே பிடித்தார் செவிலியர். மறுமுனையில் மகள். ‘அப்பா, அப்பா’ என்று கூப்பிட்டுவிட்டு, கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, “அப்பாவுக்குக் கேட்குதா சிஸ்டர்?” என்றார்.

“கேட்குதும்மா. பேசுங்க,” என்றார் இவர்.

பிளாஸ்டிக் உறையின் மேல் வியர்வையா, கண்ணாடிக் கவசத்திலிருந்து சொட்டிய நீரா தெரியவில்லை, போன் வழுக்கியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் பேசி முடிக்கும் முன்பே மூன்றாம் படுக்கையில் அலாரம். போக வேண்டும். போகவில்லை. சக செவிலியர் ஒருவர் ஓடிப்போய்ப் பார்த்துக்கொண்டார். ஏழாம் படுக்கைக்காரர் அதிகாலையில் இறந்துபோனார்.

“எனக்கு எப்படித் தெரியும் அவருக்குக் கேட்குதுன்னு? தெரியாத ஒண்ணை அந்தப் பொண்ணுகிட்ட சத்தியம் மாதிரி சொல்லிட்டேன்.” இதைச் சொல்ல அவருக்கு என்னோடு நான்கு சந்திப்புகள் தேவைப்பட்டன.

என்னிடம் வரும்போது இருந்த நிலை

இரவில் மூன்று மணி நேரத் தூக்கம். அதிலும் கனவு. வார்டில் ஏழாம் படுக்கையைத் தனக்கு ஒதுக்காமல் பார்த்துக்கொள்வார், காரணம் சொல்லாமல். வீட்டில் இன்னொரு சங்கடம். 2020இல் தொற்று பயத்தில் பல மாதம் தனி அறையில் இருந்தார். டியூட்டி முடிந்து வந்ததும் ஓடிவரும் பிள்ளையை, ‘அங்கேயே நில்லு’ என்று கத்தி நிறுத்துவார். கட்டுப்பாடுகள் எல்லாம் போன பிறகும் பிள்ளை கதவருகே வந்து நின்று, “வரலாமா?” என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறான். இதைச் சொன்னபோதுதான் என் எதிரே முதல்முறையாக அழுதார்.

மனக்காயத்துக்குப் பிந்தைய பாதிப்பை அளக்கும் 20 கேள்விகள் கொண்ட படிவத்தைக் கொடுத்தேன். மொத்தம் 80 மதிப்பெண். 31க்கும் 33க்கும் நடுவே எங்கோ எச்சரிக்கைக் கோடு. அவருடையது அந்தக் கோட்டை நன்றாகவே தாண்டியிருந்தது. மனச்சோர்வும் இருந்தது. தற்கொலை எண்ணம் இல்லை. மனநல மருத்துவர் ஒருவரிடமும் அனுப்பினேன். மருந்து சில மாதம் எடுத்துக்கொண்டார்.

இன்னொரு படிவமும் கொடுத்தேன். ‘அதிர்ச்சிக்குப் பிந்தைய வளர்ச்சி’ என்ற கருத்தை முன்வைத்த ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹூன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1996இல் வெளியிட்ட அளவுகோல் அது. மொத்தம் 21 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. மற்றவர்களோடு உறவு, புதிய வாய்ப்புகள், தன் வலிமை, ஆன்மிக மாற்றம், வாழ்க்கையை மதிப்பது என ஐந்து பகுதிகளில் ஒருவர் தன்னிடம் கண்ட மாற்றத்தைக் குறிக்க வேண்டும். நினைத்ததைவிட நான் வலிமையானவர் என்று தெரிந்துகொண்டேன் என்ற பொருள்பட ஒரு வாக்கியம் அதில் உண்டு. அங்கே வந்ததும் பேனாவை வைத்துவிட்டார்.

“இதுக்கு அஞ்சு போடலாம். ஆனா அப்படி இருக்க வேண்டி வந்துச்சே, அது எனக்குப் பிடிக்கலை. அதை எங்க டிக் பண்றது?”

அந்தப் படிவத்தில் அதற்கு இடமில்லை. அவர் கேள்வியை அப்படியே என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பின்னால் நாங்கள் பேசியதெல்லாம் ஒருவிதத்தில் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

பயமும் துக்கமும் மட்டும் இங்கே இல்லை. சரி என்று தெரிந்ததைச் செய்ய முடியாமல் சூழ்நிலை தடுக்கும்போது வரும் வேதனையைச் செவிலியர் பணியை முன்வைத்து விவரித்தவர் ஆண்ட்ரூ ஜேம்டன், 1984இல். அறநெறிக் காயம் என்று இன்று சொல்வதை 1990களில் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களிடம் கண்டு எழுதியவர் மனநல மருத்துவர் ஜோனதன் ஷே. ஐந்து படுக்கைக்கு ஒரு ஆள் என்று நிற்கவைத்தது இவர் எடுத்த முடிவு இல்லை. ஆனால் குற்ற உணர்வு முழுவதும் இவரிடம் வந்து சேர்ந்திருந்தது.

செய்தது, அதில் நான் செய்த தவறும்

2021இல் இவர் வேலை செய்த மருத்துவமனை ஒரே ஒரு குழு அமர்வு நடத்தியிருந்தது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, நடந்ததைச் சொல்லச் சொன்னார்களாம். இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிரவு கனவு இன்னும் மோசமாக வந்தது. நல்லெண்ணத்தில் செய்ததுதான், சந்தேகமில்லை. ஆனால் அதிர்ச்சி நடந்த உடனே தனிநபர்களை உட்காரவைத்து ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேசவைப்பது பின்னால் வரும் பாதிப்பைத் தடுப்பதில்லை, கட்டாயமாக அப்படிச் செய்வதை நிறுத்த வேண்டும் என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு 2002லேயே சொல்லிவிட்டது. இருபது வருடம் கழித்தும் அது நடந்துகொண்டிருக்கிறது.

நாங்கள் தூக்கத்திலிருந்து தொடங்கினோம். தூங்காத ஆளிடம் வளர்ச்சியைப் பற்றிப் பேசுவது வீண். ஆறு வாரம் நைட் டியூட்டி வேண்டாம் என்று கடிதம் கொடுத்தேன். அது கிடைத்ததற்குக் காரணம் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர். அவரும் அதே அலையைக் கடந்து வந்தவர். டியூட்டி பட்டியலை அவரே உட்கார்ந்து மாற்றிப் போட்டு, மேலிடத்தில் வாதாடி வாங்கிக் கொடுத்தார். இந்த ஆய்வில் என் பங்கைவிட அவர் பங்கு பெரிது.

அப்புறம் எழுதச் சொன்னேன். மனத்தை அழுத்தும் ஒன்றைத் தொடர்ந்து சில நாள், நாளுக்குப் பதினைந்து இருபது நிமிடம் எழுதுவதை ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980களிலேயே ஆராய்ந்து காட்டியிருக்கிறார். எல்லோருக்கும் அது பொருந்தாது. இவருக்குப் பொருந்தியது, ஏனென்றால் இவர் வேலையில் பாதி எழுதுவதுதான். முதல் முறை அவர் கொண்டுவந்த தாள் அப்படியே நர்ஸ் நோட்ஸ்:

“02.10 – சாச்சுரேஷன் 71. டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது. 02.25 – உறவினருக்குத் தெரிவிக்கப்பட்டது. 02.40 – போனில் பேசவைக்கப்பட்டது. 04.50 – இறப்பு உறுதிசெய்யப்பட்டது. உடல் சுத்தம் செய்யப்பட்டது.”

எல்லாம் செய்யப்பட்டிருக்கிறது. செய்தவர் எங்கும் இல்லை. “இதுல நீங்க எங்க இருக்கீங்க?” என்று கேட்டேன். தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை அதே இரவை மறுபடி எழுதிக்கொண்டு வந்தார். “02.40 – நான் போனைப் பிடித்தேன். கை வழுக்கியது. ரெண்டு கையாலும் பிடித்தேன். மூணாம் பெட் அலாரம் கேட்டது. நான் போகவில்லை.” நேரம் மட்டும் அப்படியே இருந்தது. அந்தப் பழக்கம் விடாது.

இந்த இரண்டு தாள்களுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தில்தான் வளர்ச்சி தொடங்கியது என்று நான் நம்புகிறேன். கூப்பிடாமல் வந்து மோதும் நினைவுகள் ஒரு வகை. தானே உட்கார்ந்து, ‘என்ன நடந்தது, இதை நான் எப்படிப் புரிந்துகொள்வது’ என்று யோசிப்பது இன்னொரு வகை. வளர்ச்சிக்கு வழிவிடுவது இரண்டாவதுதான் என்பது டெடெஸ்கியும் கால்ஹூனும் சொல்லும் விளக்கம். ஆலோசகருக்கு அவர்கள் கொடுக்கும் இடம் உடன்வரும் துணை என்பது. தெரிந்தவராக, ஆனால் முந்திப் போகாதவராக இருக்க வேண்டும்.

நான் ஒருமுறை முந்திப் போனேன். ஆறாவது சந்திப்பு. அவர் தன்னைக் கடுமையாகத் திட்டிக்கொண்டிருந்ததைப் பொறுக்க முடியாமல், “எத்தனை பேரை நீங்க காப்பாத்தியிருக்கீங்க, அதையும் பாருங்களேன்,” என்று சொல்லிவிட்டேன். முகம் மூடிக்கொண்டது. “எல்லாரும் இதையேதான் சொல்றாங்க,” என்றார். அடுத்த இரண்டு சந்திப்புகளுக்கு வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தபோது மன்னிப்புக் கேட்டேன். ஆறுதல் சொன்னது அவருக்காக இல்லை, எனக்குத் தாங்கவில்லை என்பதற்காக என்று ஒப்புக்கொண்டேன். அதன்பிறகு அவர் பேசுவது மாறியது.

அந்தக் கேள்விக்கு அவர் கண்டுபிடித்த பதில்

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இறுதிக்கால இல்லத்தில், சாவுக்குச் சில மணி நேரம் முன்பு எதற்கும் அசைவு காட்டாமல் கிடந்தவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்தபோது, அவர்களில் சிலரின் மூளை ஒலிகளுக்குப் பதில் தந்துகொண்டிருந்தது. கேட்டதைப் புரிந்துகொண்டார்களா என்று சொல்ல முடியாது என்பதையும் அவர்களே தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

இது எனக்கு முதலிலேயே தெரியும். ஆனால் ஆறாவது சந்திப்பில் சூடுபட்டவன். அதனால் பல மாதம் சொல்லவில்லை. பன்னிரண்டாவது சந்திப்பில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒரு ஐசியு செவிலியர் கேட்க வேண்டியதைக் கேட்டார்: “அவங்க மயக்க மருந்துல இருந்தாங்களா?”

“ஐசியுல கொடுக்கிற மாதிரி இல்லை.”

“அப்போ ஏழாம் பெட்டுக்கு இது பொருந்தாது.”

“பொருந்துமான்னு எனக்குத் தெரியலை,” என்றேன்.

ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: “நான் அந்தப் பொண்ணுகிட்ட வேற மாதிரி சொல்லியிருக்கலாம். ‘போனை அப்பா காதுகிட்டதான் பிடிச்சிருக்கேன்மா. நான் இங்கயே இருக்கேன். பேசுங்க.’ இதுல எதுவும் பொய் இல்லை. எல்லாமே நான் செஞ்சதுதான்.”

அந்த வாக்கியத்தை அவர் கண்டுபிடித்த விதத்தைக் கவனிக்க வேண்டும். ‘பொய் சொன்னது தப்பில்லை’ என்று நானோ மற்றவர்களோ சொல்லியிருந்தால் அவர் ஏற்றிருக்க மாட்டார். இரண்டாவது முறை எழுதிய தாளில் ‘நான் போனைப் பிடித்தேன்’ என்று இருந்ததே, அங்கிருந்துதான் இது வருகிறது. மகளுக்குத் தேவைப்பட்டது உத்தரவாதமா, அப்பா பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிறார் என்பதா என்ற யோசனை அவரை அங்கே கொண்டுபோய் விட்டது.

இன்று வார்டில் யாராவது கேட்டால் அவர் இந்த வார்த்தைகளைத்தான் சொல்கிறார். புதிதாகச் சேரும் செவிலியர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறார், வென்டிலேட்டர் செட்டிங் சொல்லிக்கொடுக்கும் அதே கண்டிப்போடு.

மாறியதும் மாறாததும்

வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனைச் செவிலியர் ஜோனதன் பார்ட்டல்ஸ் தொடங்கிவைத்த ஒரு வழக்கம் பல நாடுகளில் பரவியிருக்கிறது. ஒரு நோயாளி இறந்ததும், அங்கிருக்கும் எல்லோரும் ஏறக்குறைய ஒரு நிமிடம் அப்படியே மௌனமாக நிற்பார்கள். இறந்தவரையும், அவருக்காக முயன்ற தங்களையும் மதித்து. இவர் அதைப் படித்துவிட்டு இன்சார்ஜிடம் கேட்டு வார்டில் தொடங்கினார். பெருந்தொற்றுக் காலத்தில் ஓர் இறப்புக்கும் அடுத்த அட்மிஷனுக்கும் நடுவில் படுக்கை விரிப்பு மாற்றும் நேரம் மட்டுமே இருந்தது என்பதை அவர் மறக்கவில்லை.

உறவுகளில் மாற்றம் இரண்டு பக்கமும் நடந்தது. அன்றிரவு மூன்றாம் படுக்கைக்கு ஓடிய சக செவிலியரிடம் ஒரு வருடம் கழித்து நன்றி சொன்னார். அவருக்கு அது நினைவிலேயே இல்லையாம். இப்போது மிக நெருக்கமான தோழிகள். மறுபுறம், ‘நீங்களெல்லாம் தெய்வம்’ என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் ஒதுங்கி நின்ற சிலரோடு பேச்சு குறைந்துவிட்டது. இதையும் வளர்ச்சிக் கணக்கில்தான் நான் சேர்ப்பேன். எல்லோரையும் திருப்திப்படுத்தியே பழகியவர் அவர். கூடுதல் ஷிப்ட்டுக்கு ‘முடியாது’ என்று முதல்முறை சொன்ன அன்று எனக்கு போன் செய்து சொன்னார், கை நடுங்கியதாம்.

மகன் விஷயத்தில் நாங்கள் போட்ட திட்டம் எளிது. அவன் ‘வரலாமா’ என்று கேட்பதற்காகக் காத்திராமல் இவரே கதவருகே போய் உட்கார்ந்துகொள்வது. பல வாரம் ஆனது. ஒருநாள் அவன் கேட்காமலே வந்து மடியில் விழுந்தான். சில நாள் இன்னும் கேட்கிறான்.

ஆன்மிகம் பற்றிய வாக்கியங்களுக்குத் தொடக்கத்திலும் கடைசியிலும் 0தான் போட்டார். அதில் ஒரு குறையும் இல்லை.

பாதிப்பு அளவு கடைசிச் சந்திப்பில் எச்சரிக்கைக் கோட்டுக்குக் கீழே வந்திருந்தது. மறையவில்லை. ஏழாம் படுக்கையை இப்போது எடுத்துக்கொள்கிறார். லிஃப்ட் சத்தத்துக்குக் கை எழும்புவது குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. தூக்கம் ஐந்து மணி நேரம்.

இந்த வளர்ச்சியை எப்படிப் புரிந்துகொள்வது

வளர்ச்சி வந்துவிட்டால் காயம் ஆறிவிட்டது என்று எண்ணுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் குழப்பம். 2021இல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பில், பெரும்பாலும் சீனாவில் பணியாற்றிய 12,596 செவிலியர்கள் பங்கெடுத்தார்கள். 13.3 சதவீதம் பேரிடம் மனக்காயத்தின் அறிகுறிகளும், 39.3 சதவீதம் பேரிடம் வளர்ச்சியும் தெரிந்தன. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்க முடியும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஷேக்ஸ்பியர்-ஃபின்ச், லூரி-பெக் இருவரும் 2014இல் காட்டியது இன்னும் நுட்பமானது: பாதிப்பு மிகக் குறைவாக இருந்தால் வளர்ச்சியும் குறைவு, பாதிப்பு நடுத்தரமாக இருக்கும்போது வளர்ச்சி அதிகம், பாதிப்பு எல்லை மீறினால் வளர்ச்சி மறுபடி குறைகிறது. அதாவது இன்னும் இரண்டு அலை, இன்னும் ஒரு படுக்கை கூடுதல் என்று இவரை வைத்திருந்தால் நான் இந்த ஆய்வை எழுதியிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன்.

‘நான் வளர்ந்துவிட்டேன்’ என்று ஒருவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்பது அடுத்த கேள்வி. பேட்ரீசியா ஃப்ரேஸியரும் சக ஆய்வாளர்களும் 2009இல், மாணவர்களை அதிர்ச்சியான நிகழ்வுக்கு முன்பும் பின்பும் அளந்து பார்த்தார்கள். வளர்ந்ததாக அவர்கள் சொன்னதற்கும், உண்மையில் நடந்த மாற்றத்துக்கும் பெரிய தொடர்பு இல்லை. தன்னைத் தேற்றிக்கொள்ளச் சொல்லும் வளர்ச்சியும் உண்டு, உழைத்துப் பெற்ற வளர்ச்சியும் உண்டு, இரண்டும் ஒரே முகத்தின் இரு பக்கம் என்று மெர்க்கரும் ஸோல்னரும் 2004இல் எழுதினார்கள். அதனால்தான் மதிப்பெண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மாறிய ஒரு வாக்கியம், வார்டில் நிற்கும் ஒரு நிமிட மௌனம், ‘முடியாது’ என்று சொன்ன ஒரு ஷிப்ட், கதவருகே போய் உட்கார்ந்த மாலைகள் – இவற்றை அவர் சக ஊழியர்களும் வீட்டாரும் பார்த்திருக்கிறார்கள்.

நிர்வாகங்கள் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2003இல் டொராண்டோவில் சார்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய் பரவியபோது பணியாற்றிய மருத்துவப் பணியாளர்களை ராபர்ட் மாண்டர் குழுவினர் ஒன்று முதல் இரண்டு ஆண்டு கழித்து ஆராய்ந்தார்கள். சார்ஸ் நோயாளிகள் வராத பக்கத்து நகரப் பணியாளர்களைவிட அவர்களிடம் களைப்பும் மன உளைச்சலும் கூடுதலாக இருந்தன. போதிய பயிற்சி, பாதுகாப்பு, ஆதரவு கிடைக்கவில்லை என்று உணர்ந்தவர்களிடம் பாதிப்பு அதிகம். கோவிட்டுக்குப் பல வருடம் முன்பே தெரிந்த பாடம் இது. என் செவிலியருக்கு அந்த ஆதரவு ஒரு இன்சார்ஜ் சிஸ்டரின் தனிப்பட்ட அக்கறையாக வந்தது. அந்த இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால்? நல்ல மனிதர் கிடைத்தால்தான் ஆதரவு என்று இருக்கக் கூடாது. அது பட்டியலில், ஆள் எண்ணிக்கையில், விடுப்பு விதியில் இருக்க வேண்டும். 2020 ஜனவரிக்கும் 2021 மே மாதத்துக்கும் இடையில் 80,000 முதல் 1,80,000 வரை சுகாதாரப் பணியாளர்கள் கோவிட்டால் இறந்திருக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களுடைய வளர்ச்சியை யாரும் அளக்கப் போவதில்லை.

இவரை ஒரு விழாவில் பேச அழைத்தார்கள். மனவலிமை பற்றிப் பேசச் சொன்னார்கள். என்னிடம் கேட்டார், போகலாமா என்று. உங்கள் விருப்பம் என்றேன். போனார். ஒரு இரவில் ஒரு செவிலியருக்கு எத்தனை வென்டிலேட்டர் நோயாளிகள் என்பதை மாதவாரியாகத் தாளில் எழுதிக்கொண்டு போய் வாசித்தார். வேறு எதுவும் பேசவில்லையாம்.

கடைசியாக நாங்கள் சந்தித்தது 2023 மே மாதம். சர்வதேச அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் மே 5 அன்று அறிவித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்தச் செய்தி வந்தபோது அவர் டியூட்டியில் இருந்தார். வார்டில் அன்றும் ஒரு கோவிட் நோயாளி வென்டிலேட்டரில் இருந்தாராம். மாலையில் அந்த நோயாளியின் மனைவி போன் செய்தபோது, புதிதாக வந்த ஒரு செவிலியர் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவர் இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “காதுகிட்டதான் பிடிச்சிருக்கேன்மா, நான் இங்கயே இருக்கேன்,” என்று அந்தப் பெண் சொன்னது இவர் காதில் விழுந்தது. பிறகு இவர் அடுத்த படுக்கையின் அலாரத்தைப் பார்க்கப் போய்விட்டார்.